பூவரச முதுகும் நாலு வங்கும்

போன பதிவுல போட்ட படத்துல வாழைக்குலையைப் பார்த்தவங்களை விட, அதுக்குப் பின்னால திண்ணையில சாஞ்சிருந்த கிட்டாரைப் பார்த்தவங்கதான் அதிகம் போல. "விவசாயி வீட்ல கிட்டாரா?"ன்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. ஏன், இருக்கக் கூடாதா? அது என் மகளோடது. கடையில வாங்கினதில்லை. எங்க வாய்க்கால் கரையில நின்ன பூவரச மரத்துல செஞ்சது. இன்னைக்கு வெளியே மழை ஊத்துது, வயல்ல இறங்க வழியில்லை. அந்தக் கதையை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். இதுல என் தப்பு ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

அந்த மரம் எங்கப்பா போத்து நட்டு வளர்த்தது. நான் பள்ளிக்கூடம் போறப்பவே அதோட நிழல்லதான் வாழைத்தார் இறக்கி வைப்போம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல எங்க பக்கம் பெஞ்ச மழையை நீங்க செய்தியில பார்த்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 செண்டிமீட்டருக்கு மேல. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான ஜனங்களோட நின்னுபோச்சு. ஏரல் பக்கத்துல இருக்கிற எங்க ஊருக்குள்ள தாமிரபரணி நேரா வந்துட்டா. வாழை முழுக்கப் போச்சு. தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தா, பூவரசும் வேரோட சாஞ்சு வாய்க்காலுக்குக் குறுக்கே கெடந்தது. அப்பா செத்தப்ப அழாதவன், அன்னைக்கு அந்தக் கரையில நின்னு அழுதேன்.

வெறகுக்குக் கேட்டு ஆள் வந்தான். கொடுக்க மனசு வரலை. அப்பத்தான் ஓடாவி அண்ணாச்சி ஞாபகம் வந்தது.

ஓடாவின்னா நகரத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாது. படகு கட்டுற தச்சர். வீட்டுக்கு நிலை, கதவு செய்றவர் ஆசாரி, கடலுக்கு வள்ளமும் தோணியும் செய்றவர் ஓடாவி. எங்க ஓடாவி அண்ணாச்சிக்கு இப்ப எழுபத்தஞ்சுக்கு மேல. தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர். அவங்க அப்பா, கடைசியா சலாபம் நடந்த காலத்துல, அதாவது 1955-ல இருந்து 1961 வரைக்கும் முத்துக்குளிக்கப் போன வள்ளங்களுக்குப் பழுது பார்த்தவர். அவங்களுக்கும் எங்களுக்கும் பழக்கம் மரத்தாலதான். படகோட உள்பக்கம் விலா எலும்பு மாதிரி வரிசையா வளைவா நிக்கும் பாருங்க, அதுக்குப் பேரு வங்கு. நேரா இருக்கிற மரத்தை வளைச்சு அறுத்தா நார் அறுந்து பலம் போயிரும். அதனால இயற்கையாவே வளைஞ்ச கொம்பு தேடி, நாட்டுக் கருவேலம், வேம்பு, பூவரசுன்னு எங்க பக்கக் கிராமங்களுக்கு வருவாங்க. எங்கப்பாகிட்ட நெறைய வாங்கிட்டுப் போயிருக்காங்க. இப்ப ஃபைபர் படகு வந்தாச்சு. மர வள்ளத்தைத் தேடி யாரு வாரா? கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போன தோணிகளும் கொறைஞ்சு போச்சு. அண்ணாச்சிக்கு வேலையே இல்லை.

வந்து மரத்தைச் சுத்திப் பார்த்தாரு. கையால தட்டினாரு. "தம்பி, இதை வெறகாக்கிராதிய. நல்ல வைரம் இருக்கு. வங்குக்கும் இனி ஆளு கேக்க மாட்டான். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சு தாரேன்"னாரு.

பக்கத்துல நின்ன எம் மக பட்டுனு சொன்னா: "தாத்தா, கிட்டார் செய்யலாமா?"

அவ கல்லூரியில படிக்கிறப்பவே கிட்டார் வாசிப்பா. படிப்பு முடிஞ்சு வேலைக்குக் காத்திருந்த சமயம். ராத்திரி முழுக்க வீடியோ பாத்து, எப்படிச் செய்யறதுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தா. எனக்கு இது விளையாட்டாத்தான் பட்டது. ஆனா அண்ணாச்சி அந்த நோட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு படமாப் பார்த்தாரு. கிட்டாரோட உள்பக்கப் படம் வந்ததும் நிறுத்திட்டாரு. "ஏட்டி, இது வள்ளம்லா? கவுத்துப் போட்ட வள்ளம். இந்தா இருக்கு பாரு வங்கு." அவ "பிரேஸ் தாத்தா"ன்னா. "உனக்குப் பிரேஸ், எனக்கு வங்கு"ன்னு சொல்லிட்டாரு. அன்னையில இருந்து எங்க வீட்ல எல்லாருக்கும் அது வங்குதான்.

கிட்டாரைப் பத்தி நான் கத்துக்கிட்டதைக் கொஞ்சம் சொல்றேன். முன்பக்கப் பலகைதான் பாடுறது. அதுக்கு ஸ்ப்ரூஸ்னு குளிர்தேசத்து ஊசியிலை மரம் வேணும், அதை வெளியில இருந்து வரவழைச்சோம். அந்தப் பலகைக்கு உள்ள தாங்குகட்டை எப்படி வெக்கறதுங்கிறதுக்குப் பெரிய வரலாறே இருக்கு. ஸ்பெயின்ல விசிறி மாதிரி வெச்சாங்க. அமெரிக்காவுல மார்ட்டின் பட்டறையில 1840-கள்ல எக்ஸ் மாதிரி குறுக்குக்குறுக்கா வெச்சாங்க. ஆனா முதுகுப் பலகைக்கு இன்னைக்கும் பெரும்பாலும் ஏணிப்படி மாதிரிதான். குறுக்கே நாலு வங்கு. மேல ரெண்டு ஒல்லியா உசரமா, கீழ ரெண்டு அகலமாத் தட்டையா. முதுகுக்கு உலகம் முழுக்கப் பேர்போனது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைத் தோதகத்தி. பிரேசில் மரம் கிடைக்காமப் போனதும் 1969-ல மார்ட்டின் கம்பெனியே நம்ம ஊர் மரத்துக்கு மாறிடுச்சு. நமக்குத் தோதகத்தி எதுக்கு? அப்பா மரம் இருக்கே.

தடியை மரவாடிக்குக் கொண்டு போய் மெல்லிசா அறுத்தோம். அடிபட்ட மரம், உள்ள நெறைய வெடிப்பு. நாலு பக்கமும் கழிச்சுப் பார்த்தா, முதுகுக்கு ஆகிற மாதிரி சுத்தமான பலகை ஒரே ஒரு ஜோடிதான் தேறுச்சு. பக்கத்துக்கு வளைக்க ரெண்டு பட்டை. அவ்வளவுதான். இடையிடையே குச்சி வெச்சு அடுக்கி, நிழல்லயே பல மாசம் காயப் போட்டோம். அப்புறம் ஒரே கட்டையில அடுத்தடுத்து அறுத்த ரெண்டு பலகையையும் புத்தகம் விரிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒட்டி, ரெண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு இழைச்சாரு அண்ணாச்சி. வெயில்ல பிடிச்சா, நடுவுல காப்பிக் கலர்ல ரேகை ஓடும். எங்கப்பா உள்ளங்கை மாதிரி இருந்தது.

இனிமேதான் வங்கு. அதுக்குப் போன ஸ்ப்ரூஸ்ல மிஞ்சினதை எடுத்தோம். அண்ணாச்சி வாளை எடுக்கலை. உளியை வெச்சு ஒரு தட்டு தட்டிப் பிளந்தாரு. பிளந்த வழிதான் நார் ஓடுற வழி. அதுக்கு ஒத்தாப்புல சீவினா வங்கு கடைசி வரைக்கும் ஒடியாதுன்னாரு.

முதுகுப் பலகை பார்க்கத் தட்டையாத் தெரியும், ஆனா தட்டை இல்லை. லேசா வெளிப்பக்கம் புடைச்சிருக்கணும். பதினஞ்சு அடி ஆரத்துல வட்டம் போட்டா வர்ற வளைவு. அந்த வளைவை வங்கோட அடியில சீவி, அதுமேல பலகையை ஒட்டினா பலகையும் வளைஞ்சு நிக்கும். பதினஞ்சு அடி வட்டத்துக்கு எங்க போறது? எங்க நெல்லுக் களத்துக்குப் போனோம். நான் கயிறு எடுத்தேன். "கயிறு நீளும் தம்பி, ரீப்பரை எடுங்க"ன்னாரு. ரீப்பர் சட்டத்தோட ஒரு முனையில ஆணி, இன்னொரு முனையில பென்சில். சிமெண்டுத் தரையில ஒரு வில்லு வரைஞ்சாரு. நாப்பது செண்டிமீட்டர் அகலத்துக்கு நடுவுல வர்ற உசரம் நாலு மில்லியும் கொஞ்சமும். கிட்டாரோட இடுப்புல, இருபத்திநாலு செண்டிமீட்டர்ல, ஒன்றரை மில்லி. இவ்வளவு பொடி வளைவுக்கா இத்தனை பாடுன்னு நினைச்சேன். அந்த நாலு மில்லிதான் பின்னால என்னை அசிங்கப்படுத்துச்சு.

பலகையில சாக்பீஸ் தேய்ச்சு, வங்கை வெச்சு அழுத்தி எடுத்தா, எங்க தொடுதோ அங்க மட்டும் வெள்ளை ஒட்டும். அந்த மேட்டை மட்டும் இழைக்கணும். திரும்ப வெக்கணும். முழுசா வெள்ளை வர்ற வரைக்கும் இதே வேலை. ஒரு வங்குக்கு அரைநாள் ஆச்சு.

இதுக்குள்ள கார்த்திகை வந்துட்டது. மகளுக்கும் பெங்களூர்ல இருந்து வேலைக் கடிதம் வந்துட்டது. 2025 ஜனவரி முதல் வாரம் சேரணும்.

வேலை வந்தா சந்தோஷப்படணும். நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்னு எல்லாருக்கும் சொன்னேன். ஒரே புள்ள. அவ போறதுக்குள்ள கிட்டாரை முடிச்சு, வாசிச்சுக் கேட்டு, கையில குடுத்து அனுப்பணும்னு எனக்கு ஒரு வெறி. அண்ணாச்சி சொன்னாரு: "தம்பி, வாடை அடிக்கு. மரம் தண்ணி குடிச்சிருக்கும். தை மாசி போவட்டும், கச்சான் எழும்பட்டும். இப்ப வங்கு வைக்கப்படாது." அவ மாட்டி வெச்சிருந்த ஈரமானியில 86-ன்னு காட்டுச்சு. கிட்டார் செய்றவங்க 45-ஐ ஒட்டி இருக்கணும்னு சொல்வாங்கன்னு அவளும் சொன்னா. நான் கேக்கலை. "நிழல்ல அத்தனை மாசம் காஞ்ச மரம்தானே, இன்னும் என்ன காயணும்? ஒட்டுங்க அண்ணாச்சி"ன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, மறுபேச்சு பேசாம பசையைக் கலக்கினாரு.

வங்கை அழுத்திப் பிடிக்கிறதுதான் அழகு. கிளாம்பு பலகை நடுவுல எட்டாது. அதனால கீழ ஒரு பலகை, மேல ஒரு பலகை, நடுவுல நாலு கால் வெச்சு ஒரு கூண்டு. கூண்டோட உசரத்தை விடக் கொஞ்சம் நீளமா மூங்கில் சிம்பு சீவி, வளைச்சு உள்ள நிறுத்தினா, அது நிமிரப் பார்க்கிற விசையில வங்கு பலகையோட அழுந்தும். ஒரு வங்குக்கு ஆறு, மொத்தம் இருபத்திநாலு சிம்பு. வாழைக்கு முட்டுக் கொடுக்கிறவனுக்கு இதைச் சொல்லித் தரணுமா? இந்த வேலையை நானே செஞ்சேன். மறுநாள் சிம்பை எடுத்ததும் முதுகு வில்லு மாதிரி நின்னது. அவ வங்கோட முனைகளைச் சீவி மெலிசாக்கினா. நடு உசரமா, ஓரம் ரெண்டு மில்லியா. வங்கோட உசரத்தைப் பாதியாக் கொறைச்சா விறைப்பு பாதியாகாது, எட்டுல ஒரு பங்காயிரும்னு கணக்குப் போட்டுக் காட்டினா. அதனால ஒவ்வொரு சீவலுக்கும் ஒருதடவை தட்டித் தட்டிக் கேட்டா. பக்கப் பலகையோட உள்விளிம்புல காடி வெட்டி, வங்கு முனைகளை அதுக்குள்ள சொருகி, முதுகை ஒட்டியாச்சு. முன்பலகை மட்டும் பாக்கி. அதுக்குள்ள தேதி வந்துட்டது. முன்பக்கம் திறந்த கூட்டை உள் அறையில கட்டில் மேல வெச்சுட்டு, அவ பஸ் ஏறிட்டா.

வைகாசி போயி ஆனி பொறந்தது. எங்க பக்கத்துக் கச்சான் காத்து உங்களுக்குத் தெரியாது. மேற்க மலையில மழையைக் கொட்டிட்டு, வெறும் சூட்டை மட்டும் தூக்கிட்டு வரும். துவைச்ச வேட்டி பத்து நிமிஷத்துல மொடமொடன்னு ஆயிரும். ஒரு ராத்திரி உள் அறையில இருந்து 'டப்'புன்னு ஒரு சத்தம். ஆமணக்கு நெத்து வெடிக்கிற மாதிரி. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வில்லு மாதிரி நின்ன முதுகு தட்டையாகி, ஒரு பக்கம் உள்வாங்கியே போயிருந்தது. அடியில இருந்து ரெண்டாவது வங்கு வரைக்கும், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். விரல் நகம் போகிற அகலம்.

எனக்குக் கை கால் ஓடலை. மாத்துப் பலகை கிடையாது. அப்பா மரத்துல அது ஒண்ணுதான்.

காலையில முதல் பஸ்ஸுல திரேஸ்புரம் போனேன். அண்ணாச்சி திட்டலை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு, கடற்கரை மணல்ல ஏத்திக் கெடந்த ஒரு பழைய வள்ளத்தைக் காமிச்சாரு. வெயில்ல காஞ்சு, பலகைக்குப் பலகை இடுக்கு தெரிஞ்சது. "மரம் செத்தாலும் மூச்சு விடும் தம்பி. நீளவாக்குல அசையாது. அகலவாக்குல வீங்கும், வத்தும். வள்ளத்துக்குப் பரவாயில்ல, இடுக்குல பஞ்சைத் திணிச்சுக் கலப்பத்து அடிச்சா அடைஞ்சிரும். இதுல அதெல்லாம் முடியாதுல்லா? முதுகு வத்தணும்னு நெனைக்குது. குறுக்க இருக்கிற வங்கு அது நீளவாக்குல வத்தாது, விடமாட்டேங்குது. பாவம், அது எங்க போகும்? வெடிக்கத்தான் செய்யும்."

நான் மனசுல கணக்குப் போட்டேன். நாப்பது செண்டிமீட்டர் பலகை நூத்துக்கு ஒண்ணு வத்தினாலே நாலு மில்லி. இதுக்குத்தான் அந்த வளைவு. காஞ்ச காலத்துல வளைவு கொஞ்சம் படுக்கும், ஈரக் காலத்துல கொஞ்சம் எழும்பும். மரம் அசையறதுக்கு அது ஒரு கைச்செலவுக் காசு. காஞ்சிருக்கும்போது வங்கு வெச்சா, மழைக்காலத்துல வீங்கி வளைவு கூடும், அவ்வளவுதான், வெடிக்காது. நான் வீங்கிக் கெடந்தப்பவே வங்கை வெச்சு, ஒரு கோடைக்குள்ள அத்தனை காசையும் செலவழிக்க வெச்சுட்டேன்.

கார்த்திகை மாசம் எவனாவது விதைநெல்லை மூட்டை கட்டுவானா? வாயில போட்டுக் கடிச்சா 'கடக்'குன்னு சத்தம் வந்தாத்தான் மூட்டை கட்டுவோம். நாப்பது வருஷமா விதை காயப்போடுற எனக்கு இதை ஒருத்தர் சொல்லித் தரணுமா? தெரியாம செஞ்ச தப்பு இல்லை. தெரிஞ்சும், அவ போறாளேங்கிற அவசரத்துல செஞ்சது.

மகளுக்குச் சொல்ல ரெண்டு நாள் ஆச்சு. போன்ல சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பரவாயில்லப்பா. ஆடி மாசம் லீவு போட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சிராதீங்க"ன்னா. அந்தக் கடைசி வரியில கொஞ்சம் கோபம் இருந்தது. இருக்கட்டும், நியாயம்தான்.

ஆடியில வந்தா. ஈரமானி பகல்ல 42 காட்டுச்சு. பட்டி பார்க்கிற தகட்டைச் சூடு பண்ணி, விளிம்பைச் சுத்தி மெதுவா விட்டு முதுகைக் கழட்டினோம். நாலு வங்கையும் அதே மாதிரி எடுத்தோம். அதுக்கே ரெண்டு நாள். வங்கை எடுத்ததும் பலகை தானாப் படிஞ்சு, ரெண்டு மூணு நாள்ல அமைதியாயிட்டது. விரிசல்ல அதே பூவரசத் துண்டுல சீவின ஒரு ஈர்க்கை வெச்சு அடைச்சாரு அண்ணாச்சி. உள்பக்கம் விரல் நுனி அளவுக்கு வைரவடிவச் சில்லுகளைக் குறுக்கு நாராப் பார்த்து ஒட்டினா அவ. அண்ணாச்சிக்கு இப்ப கை நடுங்குது. பெரிய வேலையில தெரியாது, பொடி வேலையில தெரியும். அவர் உளியைப் பிடிக்க, அவ அவர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை.

புது வங்கு நாலு. பழைய வில்லு களத்துத் தரையில இன்னும் லேசாத் தெரிஞ்சது, அதுமேலயே வெச்சுக் குறிச்சோம். இந்தத் தடவை பசைக்கு, அண்ணாச்சி வீட்டுல பழைய தகரத்துல இருந்த வச்சிரத்தை ஊறவெச்சுக் காய்ச்சினாரு. "நாளைக்கு யாராவது திறக்கணும்னா, சூடு காட்டினா விடும். திறக்க முடியாத மாதிரி எதையும் ஒட்டக் கூடாது"ன்னாரு. இருபத்திநாலு சிம்பையும் நான்தான் வளைச்சேன், ஆனா அவ சொன்ன இடத்துல, அவ சொன்ன நேரத்துல.

மறுநாள் காலையில சிம்பை எடுத்து, ரெண்டு விரல்ல முதுகைத் தொங்கவிட்டுத் தட்டினா. முன்னால தட்டினப்ப மண்பானை மாதிரி 'டொக்'குன்னு இருந்தது. இப்ப கொஞ்ச நேரம் நின்னு அடங்குச்சு. அண்ணாச்சி காதைக் கிட்ட கொண்டு வந்து, "இன்னொருக்கா தட்டு மக்ளே"ன்னாரு. நாலஞ்சு தடவை தட்டச் சொன்னாரு.

மிச்ச வேலையைச் சுருக்கிடறேன். முன்பலகை, கழுத்து, கம்பி எல்லாம் லீவு முடியறதுக்குள்ள முடியலை. அவ ரெண்டு தடவை வார இறுதியில வந்து போயி, ஐப்பசியில தீபாவளிக்கு முந்தின நாள்தான் கம்பி கட்டினா. முதல்ல வாசிச்சுக் காட்டினது அண்ணாச்சிக்கு. திண்ணையில உக்காந்து கேட்டவரு, பாட்டு முடிஞ்சதும் கிட்டாரை வாங்கித் திருப்பி, முதுகைத் தடவி அந்த ஈர்க்கு வெச்ச இடத்தைத் தேடினாரு. உத்துப் பார்த்தா ஒரு கோடு தெரியும். "இது இருக்கட்டும். மறைக்காத"ன்னாரு. நீங்க போன பதிவுல பார்த்த படம் அன்னைக்கு எடுத்ததுதான்.

இப்ப கிட்டார் பெங்களூர்ல. நான் தினமும் போன் பண்ணி "சாப்டியா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "ஈரமானி எவ்வளவு"ன்னு கேக்கறேனாம், சிரிக்கிறா. நேத்து, "நல்லா இருக்குப்பா, முதுகு நிமிந்துதான் இருக்கு, நீங்க தூங்குங்க"ன்னா.

மரம் சாஞ்ச இடத்துல, போன வருஷமே அதோட கொப்புல இருந்து மூணு போத்து வெட்டி நட்டிருந்தேன். ஒண்ணு ஆட்டுக்குப் போச்சு. ரெண்டு தழைச்சு, என் இடுப்பு உசரத்துக்கு வந்திருக்கு. இந்த மழை விட்டதும் அதைச் சுத்தி முள்ளு வேலி கட்டணும். வாழைக்கும் மண் அணைக்கணும். மழை கொஞ்சம் வெறிச்ச மாதிரித் தெரியுது. மம்பட்டியை எடுத்துட்டுப் போயிப் பார்க்கிறேன்.